வலி மாத்திரையும் வலிவும்: இழுப்பைக் கிளப்பும் மருந்து, அடக்கும் மருந்து

ஆஸ்துமாவை எங்கள் பக்கம் இழுப்பு என்போம். வயசானவர்கள் இளைப்பு என்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள் வீசிங் என்பார்கள். கம்பம்மெட்டு ஏறிக் கேரளப் பக்கம் போனால் இதற்கே வலிவு என்று பெயர். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. ஆக இழுப்பும் வலிவும் ஒரே பொருள்தான். ஆனால் தமிழ்க் காதில் வலிவு என்று விழுந்தால் வலி என்றுதான் புரியும்.

என் சித்தி விஷயத்தில் அதுதான் நடந்தது. கம்பத்திலிருந்து வண்டன்மேடு பக்கம் ஏலக்காட்டு வேலைக்கு இருபது வருடமாக ஜீப்பில் போய் வருகிறவர். ஆடி மாதச் சாரலில் ஒருநாள் இடுப்பு வலி தாங்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கடைவீதியில் இருந்த மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் கேட்க வேண்டியதைச் சரியாகவே கேட்டார். "வலிவுண்டோ சேச்சி?" சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குத்தானேய்யா வந்திருக்கேன்" என்றார். அவரும் கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். இடுப்பு வலியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். கேள்வி அதோடு முடிந்தது. அட்டையில் இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுத்தார். சாயங்காலம் ஜீப் மெட்டிலிருந்து இறங்கும்போது சித்திக்குப் பேச்சு வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, முகமெல்லாம் சிவந்து, கூட வந்த பெண்கள் மார்பைத் தேய்த்துவிட்டபடியே கம்பம் கொண்டுவந்து சேர்த்தார்கள். மருந்தைப் புகைபோல மூச்சில் ஏற்றும் நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். "மலைக் குளிரு ஒத்துக்கலை" என்று எல்லோரும் சொன்னோம்.

அடுத்த வருடம் காய்ச்சலோடு வந்தபோது இன்னொரு தடவை. அப்போது மாத்திரை கொடுத்தது நான். கம்பத்தில் மருந்துக்கடையில் மருந்தாளுநராக நிற்கிறேன். காய்ச்சலும் மேல்வலியும் என்றதும் எல்லோருக்கும் கொடுக்கிற செட்டைத்தான் சித்திக்கும் கொடுத்தேன். மூன்றாவது தடவை பல் பிடுங்கிவிட்டு வந்த அன்று. அன்று குளிரும் இல்லை, சாரலும் இல்லை. சித்திரை வெயில். அப்போதுதான் மூன்று முறையும் என்ன மாத்திரை என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். முதல் முறை அசிக்ளோஃபெனாக், இரண்டாவது டைக்ளோஃபெனாக், மூன்றாவது ஐபுபுரோஃபென். மூன்றுமே வலி மாத்திரை. மூன்று முறையும் மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் இழுப்பு.

வலி மாத்திரைக்கும் மூச்சுக்குழாய்க்கும் என்ன சம்பந்தம்? முல்லைப் பெரியாறு தண்ணீரில் விவசாயம் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். லோயர் கேம்ப் வழியாக வருகிற தண்ணீர் ஒன்றுதான், பிரிகிற வாய்க்கால்கள் பல. ஒரு மதகை இறக்கிவிட்டால் தண்ணீர் நின்றுவிடாது, அடுத்த வாய்க்காலில் கூடுதலாகப் பாயும். உடம்பில் அரக்கிடோனிக் அமிலம் என்றொரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. ஒரு வழியில் போனால் அது புரோஸ்டாகிளாண்டின் ஆகும். வலி, வீக்கம், காய்ச்சல் எல்லாம் அந்த வழியில் வருவதுதான். மூச்சுக்குழாய் கெட்டுப்போகாமல் காக்கிற ஒரு வகைப் புரோஸ்டாகிளாண்டினும் அதில்தான் உண்டாகிறது. இன்னொரு வழியில் போனால் லூக்கோட்ரையீன் ஆகும். அது மூச்சுக்குழாயைச் சுருக்கும், உள்ளே வீங்கவைக்கும், சளியைப் பெருக்கும். ஆஸ்பிரினும் அதன் குடும்பத்து வலி மாத்திரைகளும் முதல் வழியின் மதகை அடைக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு அதனால் மூச்சில் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் காவல் போய்விடுகிறது, லூக்கோட்ரையீன் வெள்ளமாக இறங்குகிறது.

1922-லேயே பிரான்ஸில் ஃபெர்னான் விடால் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். 1968-இல் மாக்ஸ் சாம்டர் என்ற மருத்துவர் விரிவாக விளக்கிய பிறகு, ஆஸ்துமா, மூக்குக்குள் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் 100 பேரில் சுமார் 7 பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் அது சுமார் இரண்டு மடங்கு. பிறவியில் வருவதல்ல. பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். முதலில் மூக்கு எந்நேரமும் அடைத்துக்கொண்டே இருக்கும், பிறகு வாசனை போகும், அதன் பிறகு இழுப்பு வரும். சித்தி நாலைந்து வருடமாகக் குழம்பு மணம் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கமே நின்றாலும் மணக்கவில்லை என்பார். யாரும் அதை ஒரு நோயாக நினைக்கவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வலி மாத்திரை ஆகாது என்றால் அந்தக் குடும்பமே ஆகாது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், மாதவிடாய் வலிக்குக் கொடுக்கும் மெஃபனமிக் அமிலம், ஊசியாகப் போடும் கீட்டோரோலாக் எல்லாமே. மாத்திரைதான் ஆகவில்லை, ஊசி போடுங்கள் என்று கேட்பதில் பயன் இல்லை, ஊசி இன்னும் வேகமாக வேலை செய்யும். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். 1000 மில்லிகிராம் போட்டால் சிலருக்கு அதுவும் இழுப்பைக் கிளப்புவதுண்டு. எட்டோரிகாக்சிப் போன்றவை வேறு மதகில் வேலை செய்வதால் பலருக்கும் ஆகும். ஆனால் முதல் மாத்திரையை மருத்துவர் கண்பார்வையில் போட்டுப் பார்ப்பதே நல்லது.

கவுண்டரில் நிற்பவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "பாராசிட்டமால்தான்க்கா, பயப்படாதீங்க" என்று கொடுக்கப்படும் மாத்திரை பல நேரம் பாராசிட்டமால் மட்டும் அல்ல. நம் நாட்டில் கூட்டு மாத்திரைகள் ஏராளம். காம்பிஃப்ளாமில் 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபெனோடு 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் என்று அலமாரி முழுக்க உண்டு. அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுக்கும்போது பெயர் இருக்கிற பக்கம் கடையிலேயே நின்றுவிடுகிறது. காகிதக் கவரில் காலை, இரவு என்று மட்டும் எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியில் "என்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டால், "வெள்ளை மாத்திரை" என்பதைத் தவிர அந்த மனுஷியால் என்ன சொல்ல முடியும்? சித்திக்கு நடந்த பிறகு, வெட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு துண்டின் பின்னாலும் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு மாத்திரைக்குப் பத்து விநாடி ஆகிறது.

இழுப்பு உள்ளவர்கள் எல்லோரும் வலி மாத்திரையை ஒதுக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முன்பு போட்டு ஒன்றும் ஆகாதவர்களில் பெரும்பாலோர் போடலாம். இதயத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறிய ஆஸ்பிரினைச் சிக்கலில்லாமல் சாப்பிட்டுவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. கவனிக்க வேண்டியது நேரத்தைத்தான். மாத்திரை விழுங்கி அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, இழுப்பு வந்ததா?

இழுப்பைக் கிளப்பும் அடுத்த மருந்து வகை பீட்டா பிளாக்கர். இதில் முக்கியமானது புரோப்ரனோலால். படபடப்புக்கு, ஒற்றைத் தலைவலிக்கு, கை நடுக்கத்துக்கு, தைராய்டு கூடினால் என்று பலதுக்கும் கொடுப்பார்கள். ரத்தக்கொதிப்புக்கும் இந்த வகை மாத்திரைகள் உண்டு. மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2 என்ற பூட்டு இருக்கிறது. இழுப்புக்கு உறிஞ்சுகிற சால்பூட்டமால் அந்தப் பூட்டுக்கான சாவி. புரோப்ரனோலால் அதே பூட்டில் போய் உட்கார்ந்துகொண்டு மற்ற சாவியை நுழையவிடாது. அதனால் இரட்டை ஆபத்து. இழுப்பும் வரும், வந்த இழுப்புக்குப் பம்பு அடித்தாலும் சரியாகக் கேட்காது. அந்த நேரத்தில் ஐப்ராட்ரோபியம் என்ற வேறு வழி மருந்தை மருத்துவர்கள் நெபுலைசரில் சேர்ப்பார்கள். ஆனால் நோயாளி புரோப்ரனோலால் சாப்பிடுகிறார் என்று யாராவது சொல்ல வேண்டுமே. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்றவை இதயத்துப் பூட்டை அதிகம் நாடுவதால் ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இதய நோயாளிகள் இவற்றை ஒரே நாளில் நிறுத்துவது வேறு ஆபத்து, அதனால் மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மாத்திரையையாவது மருந்து என்று நினைவு வைத்துச் சொல்வார்கள். கண் சொட்டு மருந்தை யாரும் சொல்வதில்லை. கண்ணில் அழுத்தம் கூடும் கிளாக்கோமாவுக்குப் போடும் டிமோலாலும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் முதலில் கல்லீரல் ஒரு பங்கை அழித்துவிடும். சொட்டு மருந்துக்கு அந்தத் தடை இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாத மருந்துகளில் ஒன்று. கிளாக்கோமாவுக்கு வேறு வகைச் சொட்டு மருந்துகள் இருக்கின்றன, ஆகவே கண் மருத்துவரிடம் "எனக்கு இழுப்பு உண்டு" என்ற ஒரு வார்த்தை போதும். குமுளி தாண்டி அந்தப் பக்கம் உறவு வீட்டில் இருந்து கண்ணைக் காட்டிவிட்டு, இந்தப் பக்கம் வந்து நெஞ்சைக் காட்டுகிற பெரியவர்கள் இங்கே நிறைய. இரண்டு சீட்டும் ஒரே மேசையில் சேர்வதே இல்லை.

ரத்தக்கொதிப்புக்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். அது இழுப்பு அல்ல, மருந்தை மாற்றினால் போய்விடும். அதை ஆஸ்துமா என்று எண்ணி மாதக்கணக்கில் இருமல் சிரப் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அடக்குகிற மருந்துகள். 1955-இல் அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனத்தின் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய பதின்மூன்று வயது மகள் கேட்டாளாம், தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைத்தால் என்ன என்று. நாம் பம்பு என்று சொல்லும் இன்ஹேலர் அந்தக் கேள்வியில் பிறந்தது. சால்பூட்டமால் 1969-இல் சந்தைக்கு வந்தது. ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், ஐந்து நிமிடத்தில் மூச்சு திறக்கும், நாலு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். இதையே மாத்திரையாகத் தந்தால் 4 மில்லிகிராம், அதாவது நாற்பது அழுத்துக்குச் சமமான மருந்து, உடம்பெல்லாம் சுற்றி மூச்சுக்குழாய்க்குக் கொஞ்சம் வந்து சேர்கிறது. சிரப் குடித்த குழந்தைக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று தாய்மார்கள் சொல்வது இதனால்தான். பம்பு பெரிய மருந்து, சிரப் சின்ன மருந்து என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். அளவைப் பார்த்தால் உண்மை நேர்மாறு.

ஆனால் இந்த நீலப் பம்பு சுருங்கிய தசையைத்தான் தளர்த்தும். குழாயின் உள்சுவர் வீங்கிப் புண்ணாகிக் கிடப்பதை அது தொடவே தொடாது. மூச்சு லேசானதும் நோய் குறைந்தது என்று தோன்றும், வீக்கம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். 1960-களில் இங்கிலாந்தில் அதிக வீரியமுள்ள ஐசோபிரினலின் பம்பு புழக்கத்துக்கு வந்தபோது ஆஸ்துமா மரணங்கள் கூடின. அந்தப் பாடம் முழுதாக விதியானது 2019-இல்தான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சால்பூட்டமாலை மட்டும் தனியாகத் தரக் கூடாது, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு கூடவே உள்ளே போக வேண்டும் என்று ஜினா எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பு அறிவித்தது. 200 அழுத்து உள்ள பம்பை வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ ஒருவர் தீர்க்கிறார் என்றால் கடும் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டு தீர்த்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. மாதம் ஒரு பம்பு வாங்கிப் போகிற முகங்கள் எனக்குத் தெரியும். ஒழுங்காக மருந்து எடுக்கிறார் என்று முன்பு நினைத்தேன். இப்போது அந்த முகங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சீட்டைத் திருப்பிக் கொடுத்து, முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்கிறேன்.

ஸ்டீராய்டு என்றதும் பலரும் பயப்படுகிறார்கள். எலும்பு தேயும், முகம் ஊதும், சர்க்கரை ஏறும் என்று. அதெல்லாம் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வருவது. கடும் தாக்குதலுக்குப் பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 40 மில்லிகிராம் பிரட்னிசலோன் ஐந்து முதல் ஏழு நாள் கொடுப்பார்கள். தினசரி உறிஞ்சும் பியூடசோனைட் ஒரு அழுத்துக்கு 200 மைக்ரோகிராம். எண்ணிக்கையில் பார்த்தால் இருநூறில் ஒரு பங்கு. உறிஞ்சிய பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண் வருவதும் குறையும். ஃபார்மோட்டரோல் சேர்ந்த பியூடசோனைட் பம்பு தசையையும் தளர்த்தும், வீக்கத்தையும் குறைக்கும். இப்போது வழிகாட்டுதல்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

கேப்சூலைக் கருவியில் போட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலரில் இன்னொரு கூத்து நடக்கிறது. கருவியை எடுத்துக்காட்டாமல் கேப்சூல் டப்பியை மட்டும் கொடுத்தால், தண்ணீர் விட்டு விழுங்கிவிடுகிறார்கள். பாளையத்திலிருந்து வந்த ஒரு தாத்தா மூன்று மாதம் விழுங்கியிருந்தார். மருந்து நுரையீரலை எட்டியே பார்க்கவில்லை. அவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் கேப்சூலைக் கருவியில் சொருகித் திருகி, முழுமூச்சாக இழுத்துப் பத்து எண்ணும்வரை அடக்கச் சொன்னேன். இரண்டாம் முறை இழுத்ததும், "இது இனிக்குதே தம்பி" என்றார். பொடியோடு சேர்ந்த லாக்டோசின் இனிப்பு அது. சரியாக இழுத்தால்தான் நாக்கில் தெரியும்.

ஊர்ப்பக்கம் இழுப்பு என்றால் இன்றும் டெரிஃபிலின் ஊசிதான். அதில் இருக்கும் தியோஃபிலின், தேயிலையிலிருந்து 1888-இல் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள். நல்ல மருந்துதான், ஆனால் குணம் தருகிற அளவுக்கும் கெடுக்கிற அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கூடவே சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது எரித்ரோமைசின் கொடுத்தால் ரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறி வாந்தி, படபடப்பு, சிலருக்கு வலிப்புவரை போகும். பீடி குடிக்கிறவர்களின் உடம்பு இதை வேகமாகக் கரைத்துவிடும். பீடியை நிறுத்தினால் அதே மாத்திரை அதிகமாகிவிடும். பால் சேர்க்காத கட்டன் சாயாவும் வரக்காப்பியும் குடித்தால் மூச்சு லேசாகிறது என்று ஏலக்காட்டுப் பெண்கள் சொல்வது பொய் இல்லை. காஃபீன் தியோஃபிலினின் உறவுதான், சில மணி நேரம் குழாயைக் கொஞ்சம் தளர்த்தும். தாக்குதலை அது தாங்காது.

ஊமத்தையின் கதை இன்னும் பழையது. சென்னையில் ஊமத்தையைப் புகைத்து இளைப்புக்கு மருந்தாக்குவதை அறிந்த ஜெனரல் ஜென்ட், 1802-இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பிறகு நூறு வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட் விற்றது. அதில் வேலை செய்த அட்ரோபின் வகைப் பொருளைத் திருத்தித்தான் மேலே சொன்ன ஐப்ராட்ரோபியம் வந்தது. அதனால் இலையை வீட்டில் சுருட்டிப் புகைக்கலாம் என்று ஆகிவிடாது. ஊமத்தையில் நஞ்சு எவ்வளவு என்று இலைக்கு இலை மாறும், புத்தி பேதலிக்கவும் வைக்கும். ஆடாதோடையிலிருந்து புரோம்ஹெக்சின் வந்தது. அது சளியை இளக்கும், இழுப்பை நிறுத்தாது. பெயரில்லாத பொடி வாங்கி மூன்றே நாளில் இழுப்பு மாயமாகிவிட்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

மாண்டிலூக்காஸ்ட் லூக்கோட்ரையீன் வாய்க்காலை அடைக்கும் மாத்திரை, சித்தி போன்றவர்களுக்குப் பொருத்தமானது. ஆனால் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வரலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை சேர்த்தது. குழந்தை திடீரென இரவில் கத்தி எழுந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மலைப்பாதையில் தாக்குதல் வந்தால் நெபுலைசருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுகப் பொருந்துமாறு ஓட்டை போட்டால் அதுவே, பம்புக்கும் வாய்க்கும் நடுவே மருந்தைத் தேக்கிவைக்கும் ஸ்பேசர். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்து, கடையில் வாங்கும் ஸ்பேசருக்குக் குறையாமல் வேலை செய்ததாக 1999-இல் வெளியிட்டார்கள். நோயாளியைச் சாயவைக்காமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். பம்பைக் குலுக்கி ஒரு அழுத்து, பாட்டில் கழுத்து வழியாக நாலைந்து மூச்சு, பிறகு அடுத்த அழுத்து. நாலு முதல் பத்து அழுத்துவரை, தேவைப்பட்டால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் ஒரு மணி நேரத்துக்கு. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலமாகிறது, மயக்கமாகத் தெரிகிறது என்றால் அழுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மெட்டுக்கு எந்தப் பக்கம் நின்றாலும் அதே எண்தான். தூங்கவைக்கிற இருமல் சிரப்பை மட்டும் அந்த நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

சித்தி இன்னும் மலைக்குப் போகிறார். சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு லேமினேட் செய்த அட்டை வைத்திருக்கிறார். ஒரு பக்கம் தமிழில், மறு பக்கம் குமுளிக்கார நண்பர் எழுதிக் கொடுத்த மலையாளத்தில். மேலே "எனக்கு இழுப்பு உண்டு", பின்பக்கம் "எனிக்கு வலிவுண்டு" என்பது மலையாள எழுத்தில். அதன் கீழே ஆகாத ஏழு மருந்துகளின் பெயர். கடைசி வரியில் ஆகிற ஒன்று: பாராசிட்டமால் 500, தனியாக.